நட்சத்திரச் சமையல்காரரின் குறிப்பும் நம் வீட்டு ஓவனும்

கேள்வி:

வணக்கம் அம்மா. லண்டனில் இல்ஃபோர்ட் பக்கம் இருக்கிறோம். செப்டம்பர் பிறந்ததிலிருந்து டி.வி.யிலும் புத்தகத்திலும் பார்க்கிற பெரிய சமையல்காரர்களின் குறிப்புகளை வாரக் கடைசியில் செய்து பார்க்கிறேன். ஒன்றும் படத்தில் இருக்கிற மாதிரி வரவில்லை. ஓட்டொலெங்கியின் பட்டர்நட் ஸ்குவாஷ் ஓரம் சிவக்காமல் குழைந்துவிட்டது. அதற்கு மேலே ஊற்றுகிற தஹீனி என்ற எள் விழுது, எலுமிச்சைச் சாறு பட்டதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. புரட்டாசி முடிந்ததும் ஹெஸ்டன் புளூமெந்தாலின் கோழி ரோஸ்ட். தோல் மெத்தென்று இழுவை, எலும்போரம் இளஞ்சிவப்பு. மாமியார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். ஹாலோவீனுக்கு வாங்கிய பூசணியில் சூப் வைத்தேன், சப்பென்று இருந்தது. ஆப்பிள் கிரம்பிளில் அடியில் தண்ணீர் நிற்கிறது, மேல் மாவு பிசுபிசு. காட்டில் காளான் பறித்து அங்கேயே சமைப்பதை ஒரு நிகழ்ச்சியில் காட்டினார்கள். எங்களுக்கு எப்பிங் காடு பக்கம்தான், போகலாமா? நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு மதியம் எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். இருப்பது ஒரே ஓவன். எதை எப்போது வைப்பது?

பதில்:

உங்கள் கடிதத்தில் கெட்டுப்போன பதார்த்தம் ஐந்து. தஹீனியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கெடுத்தது, வெளியேற வேண்டிய நேரத்தில் வெளியேறாத தண்ணீர். தஹீனியில் மட்டும் தண்ணீர் போதவில்லை.

பட்டர்நட்டின் எடையில் சுமார் 86 சதவீதம் தண்ணீர். பூசணியிலும் காளானிலும் 92 வரை போகும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. ஆகவே ஒரு துண்டின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை, ஓவனில் 220 வைத்திருந்தாலும் அந்தத் துண்டுக்குக் கிடைப்பது 100 டிகிரிதான். ஆவியில் வேகும், சிவக்காது. பொன்னிறமும் வறுத்த வாசனையும் மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டிய பிறகே வரத் தொடங்கும். உணவகங்களில் இருக்கிற பெரிய ஓவன்களில் விசிறியும் பலமானது, ஈரத்தைக் கட்டுப்படுத்தவும் வசதி உண்டு. வீட்டு ஓவன் சின்னப் பெட்டி. நாலு கிலோ காய்கறியை உள்ளே தள்ளிவிட்டால் கதவைத் திறக்கும்போது முகத்தில் ஆவி அடிக்கும். அந்த ஆவி போவதற்கு எடுக்கும் நேரத்தைக் குறிப்பில் எழுதியிருக்க மாட்டார்கள்.

எந்தக் குறிப்பையும் தொடுவதற்கு முன் ஓவனைச் சோதித்துவிடுங்கள். உள்ளே கம்பித்தட்டில் தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் பத்து பவுண்டுக்குள் கிடைக்கும். வாடகை வீட்டு ஓவன்களில் திருகு காட்டும் சூட்டுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். சூடேறிவிட்டது என்று விளக்கு அணைந்தால் காற்று சூடாகிவிட்டது என்று மட்டும் பொருள். சுவரும் தட்டும் சூடாக இன்னும் கால் மணி வேண்டும். குறிப்பில் இரண்டு எண் கொடுத்திருந்தால் பெரியது விசிறி இல்லாத ஓவனுக்கு, சிறியது விசிறி ஓவனுக்கு. ஒரே எண் இருந்து, விசிறி என்று குறிப்பிடாமலும் இருந்தால் 20 டிகிரி குறைத்து வையுங்கள். இனி நான் சொல்லும் சூடெல்லாம் விசிறி ஓவனுக்குரியது.

ஸ்குவாஷுக்கு வருவோம். ஓட்டொலெங்கியும் சாமி தமீமியும் சேர்ந்து எழுதிய அந்தக் குறிப்பில் 1.1 கிலோ பட்டர்நட்டைத் தோலோடு 2 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, இரண்டு சிவப்பு வெங்காயத்தோடு விசிறி ஓவனில் 220 டிகிரியில் 30 முதல் 40 நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். குறிப்பு சரியாகத்தான் இருக்கிறது. ட்ரேதான் பிரச்சினை. அவ்வளவு துண்டுகளையும் வீட்டில் இருக்கும் 30க்கு 40 செ.மீ. ட்ரே ஒன்றில் கொட்டினால் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். ஒன்றிலிருந்து கிளம்பும் ஆவியில் பக்கத்துத் துண்டு வேகும். இரண்டு ட்ரேயாகப் பிரியுங்கள்; துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். ட்ரேயின் சுவர் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். லசான்யா செய்யும் ஆழமான கண்ணாடிப் பாத்திரம் இதற்கு ஆகவே ஆகாது.

காலி ட்ரேயை ஓவனிலேயே சூடாக்கி, எண்ணெயும் உப்பும் பிரட்டிய துண்டுகளை அதன்மேல் பரப்பினால் சுரீரென்று சத்தம் கேட்க வேண்டும். உப்பை முன்கூட்டியே போட்டு வைக்காதீர்கள், நீர் விட்டுக்கொள்ளும். பார்ச்மெண்ட் தாள் பெரும்பாலும் 220 டிகிரிதான் தாங்கும் என்பதால் இதற்குத் தாள் போடாமல் நேராக ட்ரேயில் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். முதல் இருபது நிமிடம் புரட்டவே வேண்டாம். அடி சிவந்து தானே விடுபடும். ஒட்டிக்கொண்டு பிய்கிறது என்றால் இன்னும் சிவக்கவில்லை. இருபதாவது நிமிடம் மேல் ட்ரேயையும் கீழ் ட்ரேயையும் இடம் மாற்றுங்கள். வெங்காயம் முன்னதாகவே கருகத் தொடங்கும், அதைத் தனியாக எடுத்துவிடுங்கள். இதைக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் வரி அது.

காய் வாங்குவதிலும் கவனம் வேண்டும். பறித்த புதிதில் ஸ்குவாஷில் மாவுச்சத்து அதிகம், இனிப்பு குறைவு. சில வாரம் இருப்பு வைத்தால் மாவு சர்க்கரையாக மாறும். செப்டம்பரில் வாங்கியதைவிட நவம்பரில் வாங்குவது இனிப்பாகவும் சீக்கிரம் சிவப்பதாகவும் இருப்பதற்கு அதுவே காரணம். காம்பு காய்ந்து தக்கை போல் இருக்கணும், தோல் பளபளக்காமல் மங்கலாக இருக்கணும், கையில் எடுத்தால் கனக்கணும். கழுத்து நீண்டதாகப் பார்த்து எடுங்கள். கழுத்தில் விதை கிடையாது, முழுக்கச் சதை. பட்டர்நட் தோலும் ஆனியன் ஸ்குவாஷின் சிவப்புத் தோலும் வெந்தபின் சாப்பிடலாம். சாம்பல் நிற கிரவுன் பிரின்ஸ் தோல் தடித்தது, சீவிவிட வேண்டும். ருசியில் பட்டர்நட்டைத் தூக்கி அடிப்பது அதுதான்.

தஹீனி இறுகியதற்கு நீங்கள் பயந்து கொட்டியிருப்பீர்கள். கொட்ட வேண்டியதில்லை. தஹீனி என்பது எண்ணெயில் மிதக்கும் எள் துகள். கொஞ்சமாக ஈரம் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகும். இன்னும் தண்ணீர் சேர்த்தால் எண்ணெயும் நீரும் கலந்து வெளுத்து இளகும். மூன்றரை டேபிள்ஸ்பூன் தஹீனிக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர், நசுக்கிய சின்னப் பூண்டுப் பல் ஒன்று, உப்பு. தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக ஊற்றி அடித்துக்கொண்டே இருந்தால் தேன் பதத்துக்கு வந்துவிடும். பிராண்டுக்குப் பிராண்டு கெட்டி மாறும். இன்னும் ஒரு ஸ்பூன் கேட்டால் கொடுங்கள். சீனக் கடையில் விற்கும் எள் விழுது கருக வறுத்து அரைத்தது, கசக்கும், அதை வாங்காதீர்கள். நல்ல தஹீனியும், மேலே தூவும் ஸாதார் என்ற மசாலாக் கலவையும் கிரீன் லேன்ஸ் துருக்கிக் கடைகளிலும் எட்ஜ்வேர் ரோடு அரபுக் கடைகளிலும் கிடைக்கும்.

ஹாலோவீன் பூசணி சூப்புக்குச் சுருக்கமாக ஒரு பதில்: அதை விளைவிப்பது முகம் செதுக்க. ஓடு மெலிதாக, உள்ளே நாராக, நீர் கோத்து இருப்பதே அதற்குத் தகுதி. எந்தச் சமையல்காரர் வந்தாலும் அதில் ருசி வராது. வாங்கியாயிற்று, தூக்கிப் போட மனசில்லை என்றால் துவரம்பருப்பும் தேங்காயும் அரைத்துவிட்டுக் கூட்டு வையுங்கள், பருப்பு அந்த நீரைப் பிடித்துக்கொள்ளும். செதுக்கி மெழுகுவர்த்தி வைத்து வாசலில் கிடந்ததைச் சமைக்க வேண்டாம். சூப்புக்கு ஒரு கிலோ பட்டர்நட்டை இரண்டாகப் பிளந்து வெட்டுமுகம் கீழே இருக்கும்படி 200 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம் சுட்டு, சதையை வழித்தெடுங்கள். ஒரு வெங்காயத்தை 25 கிராம் வெண்ணெயில் கால் மணி நிதானமாக வதக்கி, சதையையும் 600 மி.லி. ஸ்டாக்கையும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அரைக்கணும். ஸ்டாக்கை முழுதாக ஊற்றிவிட்டுப் பிறகு வற்றவைக்கப் பார்த்தால் ருசி ஒட்டாது. குறைவாக ஊற்றி, அரைத்த பின் இளக்குவதே வழி. கிரீம் சேர்ப்பதானால் டபுள் கிரீம். அதில் கொழுப்பு 48 சதவீதம், கொதித்தாலும் திரியாது. சிங்கிள் கிரீமில் 18 சதவீதம்தான், கொதித்ததும் திரிந்துவிடும்.

கோழிதான் பெரிய விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

புளூமெந்தாலின் முறை இது: கோழியை 6 சதவீத உப்பு நீரில், அதாவது லிட்டருக்கு 60 கிராம் உப்பு, இரவு முழுக்க ஊறவைத்து, 90 டிகிரி ஓவனில் மணிக்கணக்காக வைத்து, உள்சூடு 60 டிகிரி வந்ததும் எடுத்து, முக்கால் மணி நேரம் அப்படியே விட்டு, கடைசியில் ஓவனை எட்டும்வரை சூடாக்கிப் பத்து நிமிடத்தில் தோலைச் சிவக்கவைப்பது. மார்புக்கறி இதைவிடச் சாறோடு வேறெந்த முறையிலும் வராது. ஆனால் இது துல்லியமான கருவியை நம்பி எழுதிய முறை. ஓவனின் சூடு ஒரே கோட்டில் நிற்காது, திருகில் வைத்த எண்ணுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும். 200 டிகிரியில் அந்த ஏற்றத்தாழ்வு தெரியாது. 90இல் எல்லாமே அதுதான். கேஸ் ஓவனாக இருந்தால் கேட்கவே வேண்டாம், திருகின் ஆகச் சிறிய எண்ணான ¼-இலேயே 110 டிகிரி காட்டும்.

தோல் இழுவையானதற்குக் காரணம் உப்பு நீர்தான். ஊறிய கோழி தண்ணீரைக் குடித்திருக்கும், தோலும் சேர்த்து. 90 டிகிரியில் அது காயாது. கடைசிப் பத்து நிமிடம் முழுக்க அந்த ஈரத்தை ஓட்டுவதிலேயே போய்விடும், சிவக்க நேரம் மிஞ்சாது.

இளஞ்சிவப்பு வேறு கதை. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிந்து பக்கத்துச் சதையில் இறங்கும். நன்றாக வெந்த கோழியிலும் எலும்போரம் சிவப்பாக இருக்கலாம், வேகாத கோழி வெளுத்தும் தெரியலாம். நிறத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, சூட்டை அளந்துதான் சொல்ல முடியும். பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் ஒன்றுக்கொன்று சமமாக ஏற்றுக்கொள்ளும் அளவுகள் இவை: 60 டிகிரியில் 45 நிமிடம், 65இல் 10 நிமிடம், 70இல் 2 நிமிடம், 75இல் 30 விநாடி, 80இல் 6 விநாடி. 60 டிகிரி என்பது தப்பில்லை. ஆனால் சதையின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் 45 நிமிடமும் நிற்க வேண்டும். நவம்பர் மாதச் சமையலறை மேடையில் எடுத்து வைத்த ஒன்றரைக் கிலோ கோழி அப்படி நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பெரியவர்களும் பிள்ளைகளும் சாப்பிடும் வீட்டில் 70ஐத் தாண்டவிடுவதே முறை. உங்கள் மாமியார் செய்தது சரி.

வீட்டுக்கு ஒத்துவரும் வழி உலர் உப்பு. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 18 கிராம் தூள் உப்பு, மட்டமாக வழித்த மூன்று டீஸ்பூன். அமெரிக்கச் சமையல்காரர்கள் சொல்லும் கோஷர் உப்பு பெரிய செதிலாக இருக்கும். சில பிராண்டுகளில் ஒரு ஸ்பூன் எடை நம் தூள் உப்பில் பாதிதான். அவர்கள் குறிப்பில் உள்ள ஸ்பூன் கணக்கை அப்படியே போட்டால் வாயில் வைக்க முடியாது. உப்பு எப்போதும் தராசில்.

கோழி வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: தோல் உரிக்காமல். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்து ஹலால் கடைகளில் நம் ஆட்களைப் பார்த்ததும் கேட்காமலே தோலை இழுத்து எடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் போட்டுக் கழுவும் பழக்கம் இங்கே வேண்டாம். கழுவும் தண்ணீர் தெறித்துக் கேம்பிலோபேக்டர் என்ற கிருமி தொட்டி, மேடை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த தம்ளர்வரை போகும் என்பதால் கழுவ வேண்டாம் என்றே அந்த நிறுவனமும் சொல்கிறது. அதோடு நாம் காயவைக்கப் பாடுபடும் தோல் மறுபடி நனையும். கிச்சன் டவலால் உள்ளும் புறமும் ஒற்றி எடுங்கள். உப்பைத் தடவி, மூடாமல், ஃப்ரிட்ஜின் ஆகக் கீழ்த்தட்டில் ஒரு நாள். மறுநாள் தோல் வறண்டு, லேசாக ஒளி ஊடுருவுவது போல், தொட்டால் காகிதம் தொட்ட மாதிரி இருக்கும். அந்த நிலை வந்தால் பாதி வேலை முடிந்தது.

தாழ்ந்த ட்ரேயில் கம்பி வலை வைத்து அதன்மேல் கோழி. கீழே உருளைக்கிழங்கும் கேரட்டும் நெருக்கி அடைக்காதீர்கள், அவை ஆவி விடும். 200 டிகிரியில் 25 நிமிடம், பிறகு 160க்குக் குறைத்து 40 முதல் 55 நிமிடம். ஊசித் தெர்மாமீட்டரைத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்துங்கள். எலும்பைத் தொட்டால் பொய்யான எண் காட்டும். மார்பிலும் ஒருமுறை பாருங்கள். ஆகக் குறைவாகக் காட்டும் இடத்தில் 72 வந்தால் எடுத்துவிடலாம். ஆறும்போது இன்னும் சில டிகிரி தானே ஏறும். எடுத்ததும் ஃபாயிலால் இறுக்கி மூடாதீர்கள். சிவந்த தோல் தன் ஆவியிலேயே ஐந்து நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும்.

கிரம்பிளில் ஆப்பிள்தான் வில்லன். இங்கே சமையலுக்கென்றே இருக்கும் பிராம்லி, 1809இல் நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல்லில் ஒரு சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த இனம். புளிப்பு மிகுதி, சூடு பட்டதும் நுரைத்துக் கரைந்துவிடும். அந்தப் புளிப்புக்காகத்தான் அதைத் தேடுகிறார்கள். பச்சையாக நறுக்கிப் போட்டு மேலே மாவைத் தூவினால், அது விடும் சாறு போக வழியில்லாமல் மாவுக்குள் ஏறும். எட்டுப் பேருக்கு 700 கிராம் பிராம்லியும், கரையாமல் துண்டாக நிற்கும் காக்ஸ் அல்லது பிரேபர்ன் 500 கிராமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிராம்லியை 100 கிராம் சர்க்கரையோடு அகலமான வாணலியில், மூடாமல், எட்டுப் பத்து நிமிடம் வேகவையுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் அடி ஒரு நொடி தெரிய வேண்டும். மற்ற ஆப்பிளைக் கடைசி மூன்று நிமிடம் சேர்த்துப் பிரட்டி, முழுதாக ஆறவிடுங்கள். சூடான பழத்தின்மேல் மாவைத் தூவினால் மாவு இறுகும் முன்பே வெண்ணெய் அடியிலிருந்து உருகிவிடும்; உங்கள் பிசுபிசுப்பில் பாதி அங்கே வந்தது.

மேல் மாவுக்கு 250 கிராம் பிளெயின் மாவு, 150 கிராம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய், 125 கிராம் டெமராரா சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. விரல் நுனியால் உதிர்த்து ரவை பதம் வந்ததும் ஒரு டேபிள்ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து முள்கரண்டியால் கிளறினால் சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரளும். மொறுமொறுப்பு அந்தக் கட்டிகளில்தான் இருக்கிறது. கை சூடானவர்கள் நடுவில் ஒருமுறை குளிர்ந்த நீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொள்ளலாம். மாவை ஃப்ரீசரில் அரை மணி வைத்துவிட்டு, பழத்தின்மேல் தூவி, அழுத்தாமல் விடுங்கள். 170 டிகிரி, 35 முதல் 40 நிமிடம், ஓரங்களில் சாறு பொங்கும்வரை. ஏலக்காய் சேர்க்கத் தோன்றும். சேருங்கள், பிராம்லியின் புளிப்புக்குப் பட்டையைவிட அதுதான் எடுபடுகிறது.

காளானுக்கு என் பதில்: போகாதீர்கள். எப்பிங் காட்டில் காளான் பறிக்கத் தடை இருக்கிறது என்பது ஒன்று. அதைவிடப் பெரிது, டெத் கேப் என்ற கொடிய விஷக் காளான் பிரிட்டனில் தலைகாட்டும் பருவமும் இதேதான். குஞ்சாக இருக்கும்போது அது ஊரில் வைக்கோலில் வளர்க்கும் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும், அடியில் உறை உட்பட. ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் அப்படி நினைத்துப் பறித்துச் சமைத்து இறந்த சம்பவங்கள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கின்றன. சமைத்தாலும் விஷம் போகாது. சாப்பிட்டதும் எதுவும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தியும் பேதியும் தொடங்கும், பிறகு சரியானது போல் ஒரு தெளிவு, அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்ற சோதனைகளெல்லாம் வெறும் நம்பிக்கை. டி.வி.யில் அவர்களோடு காளான் அறிந்தவர் ஒருவர் இருப்பார். கடையில் செஸ்ட்நட் காளான் வாங்கி, 250 கிராமை 28 செ.மீ. வாணலியில் எண்ணெயில்லாமல் பெரிய தீயில் போடுங்கள். நீர் விடும், பிறகு வற்றும். வற்றி, சத்தம் மாறியதும் வெண்ணெய், உப்பு, தைம். வெண்ணெயை முதலில் போட்டால் காளானே அதைக் குடித்துவிடும்.

யாருடைய குறிப்பை எடுப்பது என்பதற்கும் ஒரு வார்த்தை. நைஜல் ஸ்லேட்டர், டீலியா ஸ்மித், மேரி பெர்ரி ஆகியோர் எழுதியது வீட்டு அடுப்புக்கு. புளூமெந்தால் எழுதுவது பரிசோதனைக்கூடப் புத்தியோடு. அவரிடம் காரணங்களைக் கற்றுக்கொண்டு, விருந்தன்று மற்றவர்களின் குறிப்பைச் செய்வது உத்தமம். விருந்துக்கு முதல் வாரமே அதே ட்ரே, அதே ஓவனில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

அந்த ஞாயிறு எட்டுப் பேருக்கு ஒன்றரைக் கிலோ கோழி இரண்டு போதும். வெள்ளி இரவோ சனி காலையோ உப்பு தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சனிக்கிழமை சூப்பை முடித்து, ஆப்பிளை வேகவைத்து ஃப்ரிட்ஜில், கிரம்பிள் மாவை ஃப்ரீசரில். தஹீனியையும் அடித்து வைக்கலாம், மறுநாள் கெட்டியாகியிருக்கும், ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டால் சரியாகும்.

ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் ஞாயிறு 10.15க்கு ஓவனை 200இல் போட்டு, கோழியை வெளியே எடுத்து வையுங்கள். 10.45க்கு இரண்டையும் இடைவெளி விட்டு உள்ளே வையுங்கள், மார்பு எதிரெதிர்த் திசை பார்க்கட்டும். 11.10க்கு 160. இரண்டு கோழி இருப்பதால் ஐந்து பத்து நிமிடம் கூடும், 11.45இலிருந்து ஊசி போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 12.10க்குள் வெளியே வந்துவிடும். ட்ரேயில் இறங்கிய சாற்றை வழித்துக்கொண்டு ஓவனை 220க்கு ஏற்றி, காலி ட்ரேக்கள் இரண்டையும் உள்ளே தள்ளுங்கள். கோழிக்கொழுப்பு தெறித்த ஓவன் அந்தச் சூட்டில் புகையும். ஜன்னலைத் திறந்து, புகையை வெளியேற்றும் விசிறியைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் விருந்தாளிகள் வரும்போது புகை அலாரம் அலறும். 12.20க்கு ஸ்குவாஷ், 12.40க்கு ட்ரே இடமாற்றம், 12.55க்கு வெளியே. அதே நேரத்தில் அடுப்பில் சூப் சூடாகும், கோழியை வெட்டலாம். ஓவன் கதவை இரண்டு நிமிடம் திறந்து வைத்து 170க்கு இறக்குங்கள். சூப் மேசைக்குப் போகும்போது, 1.05 வாக்கில், ஃப்ரீசர் மாவைத் தூவி கிரம்பிளை உள்ளே வைத்தால் 1.45க்குத் தயார். உடனே பரிமாறாமல் பத்து நிமிடம் விடுங்கள், அதற்குள் அடிச்சாறு கெட்டிப்படும், நாக்கும் சுடாது.